கடலோரம் ஊன்றிய குச்சி

எங்கள் வீட்டில் ஒரு குச்சிக்குத் தனி மரியாதை இருந்தது. மண்வெட்டியும் கடப்பாரையும் கொல்லையில் கிடக்க, அது மட்டும் வீட்டுக்குள், சாமிப் படத்துக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நிற்கும். ஒன்பது வயதில் அது என் நெஞ்சு உயரம் இருந்தது. அதன்மேல் கால் படக்கூடாது என்பது நான் நடக்கத் தொடங்கியபோதே கற்றுக்கொண்ட பாடம்.

எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கம். பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்ததும் வயல்களுக்கு முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். ஒருவர் வயலுக்கு மடை திறந்தவுடன் வயலின் மேட்டுப் பக்கம் அந்தக் குச்சியை ஊன்றுவார்கள். தண்ணீர் பரவி வந்து குச்சியின் அடியைத் தொட்டுவிட்டால் அவருடைய முறை முடிந்தது. மடையை அடைத்து அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். குச்சியை இரண்டு முழம் தள்ளி ஊன்றினால் கூடுதலாக அரை மணி நேரத் தண்ணீர் கிடைக்கும். அதனால் குச்சியைத் தள்ளி ஊன்றுகிறவர்களுக்கு ஒரு காலத்திலும் குறைவில்லை. குச்சியில் கை வைத்தவன் அடுத்த முறையை இழப்பான் என்பது ஊர்க் கட்டுப்பாடு. கை வைத்தானா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் என் அப்பா. சொந்தத் தம்பியின் முறையையே ஒரு வருடம் பறித்து அடுத்த வயல்காரருக்குக் கொடுத்தவர் என்பதால் அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. சித்தப்பா அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

எனக்கு அப்போது ஒரு பழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. எதையும் வரிசையாக எழுதி வைப்பேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று எப்போதும் கையில் இருக்கும். எங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்கு ஓடு, எத்தனை வீட்டுக்குக் கூரை. கம்பம் பஸ் எத்தனை நாள் நேரத்துக்கு வந்தது. இப்போது அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறேன். பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, ஓர் அணையில் நீர்மட்டம் குறிக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு ஓர் அளவு, மாலை ஆறு மணிக்கு ஓர் அளவு.

அந்த வருடம் தம்பிக்கு முடியெடுத்துக் காது குத்தத் திருச்செந்தூர் போவதென்று முடிவாயிற்று. ஒரே நாளில் திரும்பக்கூடாது, கடலை மூன்று நாள் பார்க்க வேண்டும் என்றாள் அம்மா. மூன்று நாள் பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று அப்பா கேட்டார். அம்மா மூன்று நாளுக்கு ஆகிற மாதிரி முறுக்கு சுட்டாள். திராட்சை வெட்டு முடிந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியிருந்த மாதம் அது. குச்சிக்கும் வேலை இல்லை, அப்பாவுக்கும் வேலை இல்லை. ஒப்புக்கொண்டார்.

போனவர்கள்: அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி, அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை, அத்தையின் மகள். அக்காவுக்குப் பதினேழு வயது. அத்தை மகளுக்குப் பதினைந்து. கம்பத்தில் ஏறி, தேனியில் மாறி, மதுரையில் மாறி, மூன்றாவது பஸ்ஸில் போய் இறங்கியபோது தம்பி எல்லார் மடியிலும் ஒரு முறை வாந்தி எடுத்திருந்தான்.

இதோடு எங்களுடன் இன்னொரு விஷயமும் வந்திருந்தது. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாள். மதுரையில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. விடுதியில் தங்க வேண்டும்; பதினைந்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை அக்கா டிரங்குப் பெட்டியில் தாவணிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பதில் எழுதுவதற்கென்று புதுப் பேனா ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள். அத்தைக்கோ அக்காவைத் தன் மகனுக்கு எடுக்க வேண்டும். அந்த அத்தானுக்குக் காமயகவுண்டன்பட்டியில் மளிகைக் கடை. அப்பா இரண்டு பக்கமும் பிடிகொடுக்காமல் இருந்தார். அக்காவின் தலைமை ஆசிரியை வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போகும்போது, "விடுதியில யாரும் பக்கத்துலயே நின்னு காவல் காக்க மாட்டாங்க. தன்னைத் தானே பாத்துக்கிற பிள்ளையான்னு நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லியிருந்தார். மரியாதைக்குச் சொன்ன வார்த்தைதான். அப்பா அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். கேள்வி என்றால் அதற்கு அளவு பார்த்துத்தான் பதில் சொல்வார்.

முதல் நாள் முடியெடுத்துக் காது குத்தியாயிற்று. இரண்டாம் நாள் எல்லோரும் சேர்ந்து கடலில் குளித்தோம். குளித்தோம் என்றால், அத்தை எங்கள் நான்கு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவில் நிறுத்தி, செம்பில் மொண்டு தலையில் ஊற்றினாள். மூன்றாம் நாள் பெரியவர்கள் உடன்குடிக்குக் கருப்பட்டி வாங்கப் போவதாக ஏற்பாடு. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மத்தியானம் திரும்பலாம். சத்திரத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்.

"புள்ளைக இங்கனயே இருக்கட்டும். நாம மூணு பேரும் சின்னவனத் தூக்கிக்கிட்டுப் போயிட்டு வந்துருவோம்."

அத்தையின் கை இலையில் நின்றுவிட்டது. "ஏலே தம்பி, வயசுப் புள்ளைக ரெண்டையும் கடக்கரையில விட்டுப்புட்டு நாம கருப்பட்டி வாங்கப் போறோமா? கேட்டவுக என்ன சொல்லுவாக?"

"மதுரையில போயி ரெண்டு வருசம் நிக்கப்போறவளுக்கு இங்கன அரை நாள் நிக்கத் தெரியாட்டி எப்படிக்கா?"

"நிக்கப்போறான்னு யாரு சொன்னாக?"

"யாரும் சொல்லல. அதத்தான் இன்னைக்குப் பாத்துருவோம்."

அம்மா அக்காவுக்குத் தலை பின்னிவிட்டபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து என் ரிப்பனைத் தேடிக்கொண்டிருந்தேன். முதல் நாள் கோயில் கடையில் வாங்கிய சிவப்புச் சாட்டின் ரிப்பன். அம்மா குரலைத் தாழ்த்தி அக்காவிடம் சொன்னாள்: "இன்னைக்கு ஒரு பொழுது அவுக சொன்னபடி இருந்துரு ஆத்தா. கடுதாசிக்குப் பதில் எழுதச் சொல்லிருவாக." அக்கா தலையை ஆட்டவில்லை, பின்னல் கலைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. இதெல்லாம் என் காதில் விழுந்தது. விழுந்தவரைக்கும் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சத்திரத்துக்குப் பின்னால் உடைமர வேலி. அப்பா அதில் ஒரு கொம்பை வெட்டி, திராட்சைக் குலை நறுக்குகிற கத்தியால் முள்ளைச் சீவிக் குச்சியாக்கினார். நாங்கள் பின்னால் போனோம். கோயிலுக்கு வடக்கே, கூட்டம் இல்லாத கடற்கரை. அவர் ஏழெட்டு அலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அலை வந்து நின்று திரும்பும் இடத்தைக் கால் பெருவிரலால் குறித்தார். அங்கே குச்சியை ஊன்றிக் கல்லால் தட்டி இறக்கினார். ஊரில் செய்வதைப் போலவே, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார். தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே என்று என் ரிப்பனைக் கேட்டார். பெருமையோடு அவிழ்த்துக் கொடுத்தேன்.

"இதுக்கு இந்தப் பக்கம் நீங்க என்ன ஆட்டம் வேணாலும் ஆடுங்க. இதத் தாண்டக் கூடாது. இதுல கை வைக்கக் கூடாது. சத்திரத்து வாசல் கண்ணுல படுற தூரத்துலயே இருக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார். "ஏத்தா, நீ எழுதிக்க. தாண்டுனா ஒரு கோடு, கை வச்சா ஒரு கோடு. நான் வந்து பாப்பேன்."

நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்று விதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். அதற்குக் கீழே எங்கள் பொறுப்பில் இருந்த சாமான்கள்: ஜமுக்காளம், தூக்குவாளி, தண்ணீர்ச் செம்பு, அக்காவின் புத்தகம், குச்சி.

அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் மூன்று பேரும் ஜமுக்காளத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தோம். யாரும் இல்லாமல் இருப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை. அத்தை மகள்தான் முதலில் எழுந்தாள். குச்சிக்கு முன்னால் போய்க் கைகூப்பி, "மாமா, உத்தரவு குடுங்க, ஒரு முறுக்குத் திங்கணும்" என்றாள். அக்கா சிரித்தாள். அத்தை மகள் குச்சியைப் போலவே விறைப்பாக நின்று, அப்பாவின் குரலில், "ஒண்ணுதான். ரெண்டு தின்னா அடுத்த முறை கெடையாது" என்று பதிலும் சொல்லிக்கொண்டாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் சாய்ந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வீட்டில் அவள் சிரிப்பு முந்தானைக்குள் முடிந்துவிடும்.

பிறகு அவள் ஈர மணலில் தனியாக நடந்தாள். குச்சியிலிருந்து தெற்கே நூறு அடி, திரும்பி வடக்கே நூறு அடி. யாரையும் தேடிப் போகவில்லை, எதையும் எடுக்கவில்லை. சும்மா நடந்தாள். பின்னல் அவிழ்ந்து காற்றில் பறந்தது, அதைக் கட்டவும் இல்லை. திரும்பி வந்து எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். ஈர மணல்தான் கரும்பலகை, கிளிஞ்சல்தான் சுண்ணாம்புக்கட்டி. "டீச்சரம்மா, எனக்கு ஒண்ணுக்கு வருது" என்று அத்தை மகள் விரலைத் தூக்கினாள். "போன பீரியடுலதான போன? உக்காரு" என்றாள் அக்கா. மதுரைக்குப் போய்விட்டு வந்தவளைப் போல இருந்தது அவள் குரல்.

அவள் எழுதிய மூன்றாவது வரியை ஓர் அலை வந்து அழித்தது. மேலே ஏறி எழுதினாள். அங்கும் வந்தது. கூடையோடு போய்க்கொண்டிருந்த மீன்காரப் பெண்மணி ஒருவர் எங்களைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார்: "பிள்ளேளா, சாமானத் தூக்கி மேல வையுங்க. உச்சிப்பொழுது வரைக்கும் தண்ணி ஏறும்." ஜமுக்காளத்தை மேலே இழுத்தோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி இழுத்தோம். திரும்பிப் பார்த்தால் குச்சி தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தது. முதலில் அலை வரும்போது மட்டும். பிறகு எப்போதும்.

அத்தை மகளுக்குக் குஷி வந்துவிட்டது. "குச்சி வரைக்கும் போலாம்னுதான மாமா சொன்னாக? வா, அது வரைக்கும் போவோம்."

"அவுக சொன்னப்ப தண்ணி அங்கன இருந்துச்சு" என்றாள் அக்கா. "இப்ப குச்சி சொல்றதக் கேக்கக் கூடாது. கண்ணு சொல்றதத்தான் கேக்கணும்." அவள் குதிகாலால் மணலில் நீளமாக ஒரு கோடு கிழித்தாள், தண்ணீர் நின்ற இடத்துக்குப் பத்தடி மேலே. எங்களை அதற்குப் பின்னால் உட்காரவைத்தாள். தண்ணீர் ஏறியபோது அந்தக் கோட்டை அழித்து இன்னொன்று மேலே கிழித்தாள். மொத்தம் நான்கு கோடு என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் அவற்றை நான் நோட்டில் குறிக்கவில்லை. குறிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

குச்சி அலையில் ஆடத் தொடங்கியது. என் ரிப்பனின் முடிச்சு தளர்ந்து ஒரு முனை தண்ணீரில் அலைந்தது. எனக்கு அழுகை வந்தது. ஊரை விட்டுக் கிளம்பும்போதே, வழியில் எதற்காவது அழுதால் அடுத்த முறை எங்கும் அழைத்துப்போக மாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால் சத்தம் வராமல் அழுதேன். பிறகு சத்தத்தோடு அழுதேன்.

"போனாப் போகுது, வேற வாங்கிக்கலாம்" என்றாள் அக்கா. நான் நிறுத்தவில்லை. அவள் பாதைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ரெண்டு பேரும் கோட்டத் தாண்டாதீக" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் வரைதான் இருந்தது. ஓர் அலை இடுப்பு வரை அடித்துவிட்டுப் போனது. குச்சியின் இந்தப் பக்கமே நின்றாள். ஒரு கையால் குச்சியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரிப்பனை அவிழ்த்தாள். குச்சி சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தி, இரண்டு கையாலும் அழுத்தி, அதே இடத்தில் இறக்கினாள். காலால் சுற்றிலும் மிதித்தாள். அப்பாவின் மகள் இல்லையா.

வந்து என் மணிக்கட்டில் ரிப்பனைச் சுற்றிக் கட்டினாள். "குச்சி போயிருச்சுன்னா அப்பாவுக்கு மனசு கேக்காது" என்றாள். நான் அழுகையை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்து, இரண்டாம் விதிக்கு எதிரே ஒரு கோடு போட்டேன். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். கோபம் வரவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "எழுதிக்க, எழுதிக்க. எதுக்காகன்னும் சேத்து எழுதிக்க."

எதுக்காக என்பதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

அப்பா வந்தபோது வெயில் உச்சி தாண்டியிருந்தது. கருப்பட்டிச் சிப்பத்தைத் தோளிலிருந்து இறக்காமலேயே நின்றார். அவர் எங்களைப் பார்க்கவில்லை, குச்சியைத்தான் பார்த்தார். கரையிலிருந்து முப்பது அடிக்கு அப்பால், தண்ணீருக்குள், கழுத்து வரை மூழ்கி நின்றது அது. ரிப்பன் இல்லை. அவர் முகம் வாய்க்கால் கரையில் நிற்கும்போது ஆகும் முகமாக ஆனது.

"குச்சியத் தள்ளி ஊனுனது யாரு?"

"யாரும் ஊனலப்பா" என்றாள் அக்கா. "அது அங்கனயேதான் இருக்கு. தண்ணிதான் ஏறி வந்துச்சு."

"தண்ணி எப்படி ஏறும்? கடலுக்கு யாரு மடை தொறந்து விட்டது?"

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். எங்கள் ஊரில் தண்ணீர் தானாக ஏறாது. யாராவது திறந்தால் ஏறும், யாராவது அடைத்தால் நிற்கும். குச்சி இடம் மாறினால் அதன் பின்னால் ஒரு கை இருக்கும். அவர் நாற்பத்தைந்து வருடமாகப் பார்த்தது அதுதான்.

"மெய்யாத்தான் மாமா" என்றாள் அத்தை மகள். "ஒரு மீன்காரம்மாகூட வந்து சொன்னாக..."

"ஒன்னையக் கேட்டாகளா? வாய மூடிக்கிட்டு இரு" என்றாள் அத்தை.

அப்பா அக்காவின் பாவாடையைப் பார்த்தார். இடுப்பு வரை ஈரம். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நோட்ட எடு. படி."

பள்ளிக்கூடத்தில் படிப்பதைப் போலத் தெளிவாகப் படித்தேன். "ஒன்று, தாண்டுதல்: இல்லை. இரண்டு, கை வைத்தல்: ஒரு முறை. மூன்று, வாசல் தெரியாத தூரம்: இல்லை."

"கை வச்சது யாரு?"

"அக்கா."

"இவ ரிப்பனுக்குத்தான்ப்பா போனேன்" என்றாள் அக்கா. "முடிச்சு அவுந்து போச்சு. அழுதுக்கிட்டே இருந்தா."

அப்பா என்னைக் கேட்டார். "அழுதியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதால் இனி எங்கும் அழைத்துப்போக மாட்டேன் என்றவள் அவள்தான். இன்று யோசித்தால், அந்த நேரத்தில் அவள் கண் என்னிடம் கேட்டது வேறு என்று தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது அந்த எச்சரிக்கை மட்டும்தான். நான் குனிந்து நோட்டைப் பார்த்தேன்.

"நோட்டுல இல்லப்பா" என்றேன்.

அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. கருப்பட்டிச் சிப்பத்தோடு சத்திரத்தைப் பார்த்து நடந்தார். அக்கா ஜமுக்காளத்தை உதறி மடித்தாள். மணல் இல்லாமல் உதறுவதற்கு வெகுநேரம் ஆனது.

அன்று சாயங்காலம் அத்தை கோயில் தெருவுக்குப் போய் நான்கு முழம் மல்லிகை வாங்கி வந்தாள். அப்பாவுக்கு முன்னால் நின்று, "தம்பி, வச்சுரட்டுமா?" என்று கேட்டாள். "வைக்கா" என்றார் அப்பா. சத்திரத்து விளக்கடியில் அக்காவை உட்காரவைத்து அத்தை பூ வைத்தாள். எங்கள் பக்கத்தில் அப்படி வைத்துவிட்டால் வார்த்தை கொடுத்ததாகப் பொருள். அதுவும் கூடப்பிறந்தவளுக்குக் கொடுத்த வார்த்தை. அம்மா தம்பிக்குப் பால் ஆற்றிக்கொண்டே இருந்தாள். பால் முன்பே ஆறியிருந்தது. அத்தை மகள் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்க வைக்க அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

படுக்கப் போகும் முன் அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து, புதுப் பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "நீதான் நல்லா எழுதுற. வச்சுக்க." பரிசு கிடைத்த சந்தோஷத்தில் எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை, பஸ்ஸுக்கு முன்னால், ஒன்று நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கும் அது கடைசியில்தான் விளங்கியது.

ஊருக்குத் திரும்பியபின் கடிதத்துக்கு அப்பாவே ஒரு கார்டில் பதில் எழுதினார். தையில் கல்யாணம் நடந்தது. அக்கா காமயகவுண்டன்பட்டிக்குப் போனாள். அத்தான் கெட்ட மனிதர் இல்லை. மூன்று பிள்ளைகள். சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் அந்தத் தெருப் பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அவள் அரிசி புடைத்துக்கொண்டே அவர்களுடைய கணக்கைத் திருத்துவாள். அந்த நாளைப் பற்றி அவள் என்னிடம் ஒரு முறைகூடப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த தண்ணீருக்கு வாய்க்கால் திறந்தபோது அப்பா குச்சியை எடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் வந்து கேட்டார்கள். "இனிமே எனக்கு ஆகாதுப்பா. வேற ஆளப் பாருங்க" என்றார். மூட்டு வலி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். குச்சி வேறு வீட்டுக்குப் போனது. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் அதன் தழும்பு மட்டும் இருந்தது. சித்தப்பா ஒரு நாள் வந்து, "ஏண்ணே, கண்ணு மங்கிருச்சா?" என்று குத்தலாகக் கேட்டார். அப்பா, "ஆமாடா" என்றார். சித்தப்பா காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

என்னைப் பாலிடெக்னிக் விடுதியில் சேர்க்க வேண்டி வந்தபோது அப்பா ஒரு சோதனையும் வைக்கவில்லை. பெட்டியைத் தானே சுமந்து வந்தார். வாசலில் நின்று, ஏதோ சொல்ல வந்தவர், "நல்லாப் படி ஆத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். நான் உண்மை பேசுகிறவள் என்பதால் எனக்குக் கிடைத்த நம்பிக்கை அது என்று எண்ணிக்கொண்டேன். இரண்டாம் வருடம், நில அளவை வகுப்பில், உயரங்களை எல்லாம் கடல் மட்டத்திலிருந்து ஏன் கணக்கிடுகிறோம் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். கடல் ஒரே இடத்தில் நிற்பதில்லை, நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும், பௌர்ணமியை ஒட்டி அதிகம் ஏறும், அதனால் பல வருடம் பார்த்துத்தான் சராசரி எடுப்பார்கள் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. நாங்கள் போனது பௌர்ணமிக்கு மறுநாளா, அதற்கு மறுநாளா என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னது உண்மை என்று அப்போதுதான் எனக்குப் பாடமாகக் கிடைத்தது. அதைவிடப் பெரிய ஒன்று அன்று இரவு விடுதிக் கட்டிலில் படுத்திருந்தபோது கிடைத்தது: அந்தக் கடைசிக் காலை.

அன்று எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். குச்சியை எடுத்துவிட்டு வரலாம் என்றார். ஊன்றியதைப் பிடுங்காமல் ஊருக்குப் போவது அவர் வழக்கத்தில் இல்லை. முந்தின நாள் ஊன்றிய அதே நேரம். கடற்கரை காலியாக இருந்தது. குச்சி நின்றது. அக்கா அழுத்தி இறக்கி மிதித்துவிட்டு வந்ததால் இரவெல்லாம் அலை அடித்தும் சாயாமல் நேராக நின்றது. ஆனால் தண்ணீருக்குள் இல்லை. அப்பா பெருவிரலால் குறித்தாரே, அலை வந்து திரும்பும் விளிம்பு, அங்கேயே நின்றது. ஓர் அலை வந்து அதன் அடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. "அப்பா, குச்சி திரும்பி வந்துருச்சு" என்றேன்.

அவர் குச்சிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அடியில் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். சத்திரத்து வாசலைத் திரும்பிப் பார்த்தார்; மறுபடி குச்சியைப் பார்த்தார். மேலே, உலர்ந்த மணலில் கடல் விட்டுப் போயிருந்த பாசியின் கோட்டைப் பார்த்தார். அதுவரை எழுந்து நடந்து போய், அங்கிருந்து குச்சி வரைக்கும் அடி வைத்து அளந்துகொண்டே திரும்பி வந்தார். அலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழெட்டு அலை இல்லை, வெகுநேரம் நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று நான் இரண்டு முறை சொன்னேன்.

"ஆமாத்தா" என்றார் கடைசியில். "திரும்பி வந்துருச்சு."

குச்சியைப் பிடுங்கினார். கல்லால் தட்டி இறக்கியது, அக்கா வேறு அழுத்தியது, சுலபமாக வரவில்லை. பிடுங்கியதும் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவரைப் போல நின்றார். பிறகு கடலுக்குள் எறிந்தார். அது மிதந்து எங்களை நோக்கியே வந்தது. அவர் அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அக்கா ராத்திரி எழுந்து வந்து, யாருக்கும் தெரியாமல், குச்சியைப் பழைய இடத்திலேயே ஊன்றிவிட்டுப் போயிருக்கிறாள். தப்பைச் சரி செய்துவிட்டாள். அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். இனிக் கோபம் இருக்காது.

சத்திரத்தில் அக்கா தலையில் நேற்று வைத்த பூ வாடியிருந்தது. அத்தை அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அத்தை திரும்பி, "என்னடா தம்பி?" என்றாள். "ஒண்ணுமில்லக்கா. நேரமாச்சு" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தான் இடம் கிடைத்தது. நோட்டை எடுத்து, கொண்டுபோன சாமான்கள் எல்லாம் திரும்பி வருகின்றனவா என்று சரிபார்த்தேன். ஜமுக்காளம், இருக்கிறது. தூக்குவாளி, இருக்கிறது. செம்பு, அக்காவின் புத்தகம், இருக்கின்றன. ஐந்தாவதாகக் குச்சி. முன் சீட்டில் இருந்த அப்பாவின் தோளைத் தொட்டு, குச்சிக்கு என்ன போடுவது என்று கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. "அத அடிச்சிரு ஆத்தா" என்றார்.

பக்கத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் குலுங்கியது. அவள் கொடுத்த புதுப் பேனாவைத் திறந்து, கோடு கோணாமல் இருக்க அடிஸ்கேலை வைத்து, குச்சியை நேராக அடித்தேன்.